ஆளில்லாத அறையின் ஸ்வரம்

மதியச் சாப்பாடு முடிந்து, தட்டுகள் கழுவும் சத்தமும் ஓய்ந்த பிறகு அவன் அந்த முதியோர் இல்லத்துக்குள் நுழைந்தான். கையில் ஒரு மரப்பெட்டி. தோளில் கேபிள்கள் பிதுங்கும் பை. வாசலில் நின்ற மூத்த நர்ஸை அங்கே எல்லாரும் பெரியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பெரியக்கா பெட்டியைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார். வரிசை வரிசையாகக் குமிழ்கள், துளைகள், ஒரு துளையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் பல நிறக் கேபிள்கள்.

"என்ன தம்பி இது, நூடுல்ஸைக் கொட்டி வச்ச மாதிரி இருக்கு. இதுலயா பாட்டு வரும்?"

வரும் என்றான். அன்றைக்கே அவனுக்கு அங்கே ஒயர்காரன் என்று பெயர் விழுந்துவிட்டது.

ஒயர்காரன் ஒரு காலத்தில் விளம்பரங்களுக்கு இசை போட்டவன். சோப்பு, பிஸ்கட், கொசுவத்தி என்று எதைக் கொடுத்தாலும் கண் மூடித் திறப்பதற்குள் ஒரு மெட்டு கட்டிவிடுவான். அந்த வேலை கம்ப்யூட்டரிடம் போயிற்று. மனைவி வேறு ஊருக்குப் போய்விட்டாள். மிஞ்சியவை இந்த மரப்பெட்டி சிந்தசைசரும், பக்கவாதம் வந்து பேச்சிழந்த அம்மாவும்தான். அம்மா இந்த இல்லத்தில்தான் இருந்தாள். தினமும் வந்து கட்டிலருகே உட்காருவான். ஜன்னலைப் பார்ப்பது போலவே அவனையும் பார்ப்பாள். மகன் என்று தெரிகிறதா, யாரோ ஒருத்தன் என்று நினைக்கிறாளா, ஒன்றும் பிடிபடாது. அவள் கையைக் கொஞ்ச நேரம் தடவிக் கொடுத்துவிட்டு, பேச ஒன்றும் இல்லாமல் எழுந்து போவான்.

மதியப்பொழுதுதான் இங்கே ரொம்பப் பொல்லாதது என்று பெரியக்கா ஒருநாள் சொல்லியிருந்தார். சாப்பாடு முடிந்து டீ வரும்வரை யாரும் வரமாட்டார்கள். எல்லாரும் படுத்தபடி கதவையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். ரேடியோ வைத்தால் ஒருவருக்குப் பிடித்தது இன்னொருவருக்கு எரிச்சல். அதைக் கேட்டபோதுதான் அவனுக்கு அந்த எண்ணம் வந்தது.

அம்மாவின் அறை இருந்த நடைவழியில் இடப்பக்கம் நான்கு அறைகள், வலப்பக்கம் நான்கு. அறைக்கொரு சிறிய ஸ்பீக்கர் வைப்பது. ஒரே ஒரு மெட்டை எல்லாருக்கும் பங்கு போடுவது. மெட்டின் முதல் ஸ்வரம் முதல் அறையில் ஒலிக்கும். அடுத்த ஸ்வரம் அடுத்த அறையில். இப்படி இடப்பக்கமாகப் போய், கடைசியில் திரும்பி, வலப்பக்கமாக வந்து மறுபடி முதல் அறையைச் சேரும். அவனுடைய சிந்தசைசரில் அதற்கென்றே ஒரு பகுதி உண்டு. வருகிற ஸ்வரங்களை ஒவ்வொன்றாக ஒவ்வொரு குரலுக்கும் முறை வைத்துக் கொடுக்கும். பந்தியில் பரிமாறுகிறவன் ஒரு இலையையும் தாண்டாமல் போவது மாதிரி. முதல் அறையின் டீச்சரம்மாவுக்குப் புல்லாங்குழல் போன்ற குரல் வைத்தான். பக்கத்து அறைத் தபால்காரருக்கு மணி போன்றது. அம்மாவுக்கு எல்லாவற்றிலும் தாழ்ந்த குரல். வாயை மூடிக்கொண்டு முனகுவது போல.

இடப்பக்கக் கடைசி அறை மட்டும் காலியாக இருந்தது. அங்கே ஸ்பீக்கர் வைக்கவில்லை. அந்த அறைக்கான துளையில் கேபிளும் செருகவில்லை. அதன் முறை வரும்போது ஒரு மூச்சளவு மௌனம். அப்புறம் எதிர் அறையில் லாரி டிரைவர் தாத்தா. அவருக்குப் பக்கத்தில் அம்மா.

நினைத்ததை விட நன்றாகவே நடந்தது. முதலில் யாருக்கும் புரியவில்லை. மெல்ல மெல்ல ஒவ்வொருவரும் தன் ஸ்வரத்தை அடையாளம் கண்டுகொண்டார்கள். அது வரும்போது ஒரு விரலைத் தூக்குவார்கள். டீச்சரம்மா தன் ஸ்வரம் முடிந்ததும் சுவரைத் தட்டி, "போஸ்ட்மேன் சார், உங்களுக்கு ஒண்ணு வருது" என்பார். மாதக்கணக்கில் முகம் பார்த்துக்கொள்ளாத பக்கத்து அறைக்காரர்கள், கண்ணுக்குத் தெரியாத ஒன்றைக் கைமாற்றிக்கொண்டிருந்தார்கள். அம்மா விரல் தூக்கவில்லை. ஆனால் அவள் ஸ்வரம் வரும்போது ஜன்னலிலிருந்து கண்ணை எடுத்தாள். அதுவே அவனுக்குப் பெரிய விஷயமாக இருந்தது.

மழை பிடித்துக்கொண்ட ஒரு மதியம் அவன் நடைவழியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். வெளியே ஒரே மழையிருட்டு. உள்ளே விளக்கு போடவில்லை. டீச்சரம்மா, தபால்காரர், மூன்றாவது அறை என்று ஸ்வரங்கள் அவனைத் தாண்டிப் போயின. மெட்டு இன்றைக்கு ஏனோ மிக அழகாக இருப்பதாக நினைத்தான். ஒரு சுற்று முடிந்து, இன்னொரு சுற்றும் முடிந்தது. அப்புறம்தான் உறைத்தது.

மெட்டில் இருந்த மௌனத்தைக் காணோம்.

அந்த இடத்தில் ஒரு ஸ்வரம் இருந்தது. அவன் போடாத ஸ்வரம். ஆனால் அந்த இடத்துக்கு அதைத் தவிர வேறெதுவும் பொருந்தாது.

இடப்பக்கக் கடைசி அறைக் கதவில் காதை வைத்தான். ஈரத்துணி வாடையும் தலைவலித் தைலத்தின் காரமும் கதவிடுக்கில் வந்தன. கதவைத் திறந்தான். மெத்தையில்லாத இரும்புக் கட்டில், மூடிய ஜன்னல், ஒழுகிய நீர் சுவரில் விட்ட கறை. வேறொன்றுமில்லை. பக்கத்து ஸ்பீக்கரின் அதிர்வு காலி அறையில் எதிரொலிக்கிறது போலும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு கதவைச் சாத்தினான்.

சாத்திய கதவுக்குப் பின்னால் ஸ்வரம் இன்னும் கொஞ்சம் நீண்டு அடங்கியது.

அடுத்தடுத்த நாட்களில் அது வளர்ந்தது. மற்ற ஸ்வரங்கள் எல்லாம் அவன் வைத்த அளவுக்கு ஒலித்து நின்றன. அது மட்டும் நீண்டது. அதைவிட ஆச்சரியம், அது முடியும்வரை சிந்தசைசர் அடுத்த ஸ்வரத்தைத் தரவே இல்லை. எல்லாக் குமிழ்களையும் சரிபார்த்தான். கேபிள்களைப் பிடுங்கி மறுபடி செருகினான். எதிலும் பழுது தெரியவில்லை. அந்த அறைக்கான துளை வெறுமனே வாயைப் பிளந்துகொண்டிருந்தது.

டிரைவர் தாத்தாவிடம் ஏதாவது வித்தியாசம் தெரிகிறதா என்று கேட்டான். வாழ்நாளில் பாதியை ரோட்டில் கழித்த மனிதர் அவர். எல்லாவற்றுக்கும் ரோட்டுக் கணக்குத்தான்.

"குறுகலான பாலம் மாதிரி தம்பி. எதிர்ல வர்ற வண்டி போனாத்தான் நாம ஏற முடியும். எதிர் ரூம் அம்மா விட்டாத்தான் நான் எடுக்கணும்."

"எதிர் ரூம்ல யாரும் இல்லையே தாத்தா."

"இல்லாமலா? விடுறதுக்குத்தான் லேட் பண்றாங்க. அதுவரைக்கும் மூச்சைப் பிடிச்சுட்டு இருக்கேன், பாரு."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அவன் திரும்பி எதிர் அறைக் கதவைப் பார்த்தான்.

பெரியக்காவிடம் போய் அந்த அறையைப் பற்றி விசாரித்தான். முதலில் பிடிகொடுக்காமல் பேசினார். கூரை ஒழுகுகிறது, யாரைப் போட்டாலும் மாற்றச் சொல்கிறார்கள் என்றார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார். அங்கே ஓர் அம்மா இருந்தார்களாம். பார்க்க வர ஒரு நாதியில்லை. யார் உள்ளே போனாலும் கையைப் பிடித்துக்கொள்வார்களாம். பிடித்தால் உடும்புப் பிடி. மாத்திரை கொடுக்கப் போனவள் வெளியே வர முடியாமல் அழுததும் உண்டு. அதனால் எப்போதும் இரண்டு பேராகப் போவார்கள். ஒருத்தி பேச்சுக் கொடுக்க, இன்னொருத்தி விரல் விரலாகப் பிரித்து எடுப்பாள். அந்த அம்மா சண்டை போட்டதில்லை, யாரையும் திட்டினதும் இல்லை. பிரித்த கையை மடியில் வைத்துக்கொண்டு கதவைப் பார்ப்பார்களாம். ஒரு மதியத்தில் அப்படியே போய்ச் சேர்ந்தார்கள்.

"நல்லவங்கதான் தம்பி" என்றார் பெரியக்கா. "பிடிச்சா விடமாட்டாங்க. அவ்வளவுதான்."

அதற்குப் பிறகு ஒரு மதியம் டிரைவர் தாத்தா எழுந்திருக்கவில்லை. டீ கொண்டு போன பெண்தான் பார்த்தாள். கன்னங்கள் உப்பி, உதடுகள் இறுக மூடியிருந்தன. தண்ணீருக்குள் முங்கி, எழ மறந்த ஆள் மாதிரி. வயதான இதயம் என்றார் டாக்டர். பிள்ளைகள் வந்து அழுதுவிட்டு எடுத்துப் போனார்கள். யாருக்கும் சந்தேகமில்லை. ஒயர்காரன் மட்டும் வாசல் படியில் பேயறைந்தவன் மாதிரி உட்கார்ந்திருந்தான்.

எதிர் அறையும் இப்போது காலி. அந்த ஸ்வரத்துக்கு அடுத்த முறை இனி அம்மாவுக்கு.

மறுநாள் மதியம் எல்லாரும் கண்ணயர்ந்த நேரத்தில் அவன் நடைவழி முனையில் வைத்திருந்த சிந்தசைசரை அணைத்தான். சின்னஞ்சிறு விளக்குகள் ஒவ்வொன்றாகச் செத்தன. பிளக்கைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டான். கேபிள்களை எல்லாம் உருவிப் பையில் போட்டான். அப்பாடா என்று மூச்சு விட்டான்.

ஊசி விழுந்தால் கேட்கும் அமைதி.

டீச்சரம்மாவின் அறையிலிருந்து ஒரு முனகல் வந்தது.

எட்டிப் பார்த்தான். டீச்சரம்மா தூங்கிக்கொண்டிருந்தார். கண்ணும் மூடியிருந்தது, வாயும் மூடியிருந்தது. தொண்டை மட்டும் அதிர்ந்தது. அவருடைய ஸ்வரம். துல்லியமாக, அவன் வைத்த அதே அளவுக்கு ஒலித்து நின்றது.

அடுத்த அறையில் தபால்காரர் தூக்கத்திலேயே அதை வாங்கினார்.

மூன்றாவது அறை.

அப்புறம் அந்த அறை.

அது எந்தத் தொண்டையிலிருந்தும் வருவதாகத் தெரியவில்லை. கதவே பாடுவது போல இருந்தது. நீண்டது. நீண்டுகொண்டே போனது. அவன் ஓடினான், அம்மாவிடம்.

அம்மா மல்லாந்து படுத்திருந்தாள். நெஞ்சு உயர்ந்த நிலையில் நின்றிருந்தது. தாழவில்லை. கன்னங்கள் உப்பியிருந்தன. தோளைப் பிடித்து உலுக்கினான். கூப்பிட்டான். உதடுகளைப் பிரித்துப் பார்த்தான், கல்லாக இருந்தன. அவன் குரல் கேட்டு ஓடிவந்த பெரியக்கா ஆக்சிஜன் முகமூடியைப் பொருத்தினார். மூச்சை விடாதவளுக்கு மூச்சைக் கொடுத்து என்ன பயன்? அம்மாவின் நகங்கள் நீலம் பாரித்தன.

எதிர்ப்பக்கம் அந்த ஸ்வரம் இன்னும் நிற்கவில்லை.

அவன் கடைசி அறைக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனான். தைல வாடை முகத்தில் அறைந்தது. ஸ்வரம் கட்டிலுக்கு மேலே, ஆள் உட்கார்ந்தால் தலை இருக்கும் உயரத்தில் இருந்தது. நிறுத்தச் சொல்லிக் கத்தத்தான் வந்தான். ஆனால் இரும்புக் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தான்.

அவன் வலது கையை இன்னொரு கை பிடித்தது.

கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. விரல்கள் மட்டும் தோலில் தெரிந்தன, ஒவ்வொன்றாக. மெலிந்த, ஜில்லிட்ட, ஈரமான விரல்கள். அவற்றில் கோபம் இல்லை. வெள்ளத்தில் போகிறவர் கிளையைப் பிடிக்கிற பிடி.

"நான் போகலம்மா" என்று கிசுகிசுத்தான். "இங்கதான் இருக்கேன். அதை விட்டுடுங்க. அந்தப் பக்கம் எங்கம்மா காத்துட்டு இருக்காங்க."

ஸ்வரம் நிற்கவில்லை. அவனுக்கு ஒன்று புரிந்தது. விட்டால் ஸ்வரம் போய்விடும். ஒரு சுற்று சுற்றி வரும்வரை இந்த அறையில் மறுபடி யாரும் இருக்கமாட்டார்கள். இத்தனை காலம் கதவைப் பார்த்தவருக்கு விடுவதற்கு எப்படி மனசு வரும்?

அவன் வாயை மூடிக்கொண்டு அதே ஸ்வரத்தைப் பிடித்தான். இரண்டு குரலும் உரசி, பின் ஒன்றாயின. சுதி சேர்ந்ததும் மெல்ல மெல்ல அடுத்த ஸ்வரத்துக்கு இறங்கினான், பச்சைப் பிள்ளையைக் கைப்பிடித்துப் படியிறக்குவது போல. பிடி இறுகியது. இன்னும் இறுகியது. எலும்பு நொறுங்கிவிடும் என்று நினைத்தபோது, அந்தக் குரல் அவனோடு இறங்கியது.

அடங்கியது.

எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு பெருமூச்சு கேட்டது. அதன் பின்னாலேயே அம்மாவின் குரல். பக்கவாதத்துக்குப் பிறகு அவன் கேட்காத குரல். கொஞ்சம் கீறலோடு, தாழ்ந்து, தன் ஸ்வரத்தைப் பாடி அடுத்த அறைக்குக் கொடுத்தது. அவன் ஆளில்லாத அறையில், பிடிக்கப்பட்ட கையோடு உட்கார்ந்து, குலுங்கிக் குலுங்கி அழுதான். டீ வண்டியின் சத்தம் கேட்கும்வரை அந்தக் கை விடவில்லை.

அன்று மாலை பெரியக்கா அவனை ஓரமாகக் கூப்பிட்டார். அவனுடைய வலது கையில் இருந்த விரல் தடங்களைப் பார்த்தார். பார்க்காதது போல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"அம்மாவை இன்னைக்கே வேற இடத்துக்கு மாத்திடுங்க தம்பி. நானே ஏற்பாடு பண்றேன்."

மாற்றியிருக்க வேண்டும். அவனுக்கும் அது தெரியும். ஆனால் நாளை மதியமும் அம்மா பாடுவாள். அந்தக் கீறல் விழுந்த குரலை இன்னொரு தடவை கேட்கலாம். பார்க்கலாம் அக்கா என்று சொல்லிவிட்டுப் போனான். மறுநாளும் அதையேதான் சொன்னான்.

அப்படியே மதியங்கள் ஓடின. சிந்தசைசர் அவன் வீட்டுப் பரணுக்குப் போய்விட்டது. அவன் மட்டும் சாப்பாட்டு நேரம் முடிந்ததும் வந்து, கடைசி அறையில் உட்காருவான். கை வந்து பிடிக்கும். ஸ்வரம் வரும். இருவருமாக அதை இறக்கி அம்மாவிடம் கொடுப்பார்கள். சொல்ல வெட்கமாக இருந்தாலும் ஓர் உண்மை உண்டு. மனைவி போன பிறகு, அவன் வருவதற்காகக் காத்திருந்த ஒரே ஆள் அந்த அறையில்தான் இருந்தார். ஒருநாள் பஸ் தாமதமானபோது அவன் மழையில் ஓடினான். அம்மாவின் மூச்சுக்காக மட்டும் ஓடினான் என்று சொல்ல முடியாது.

அம்மா போனது ஒரு விடியற்காலையில். எந்த ஸ்வரமும் இல்லாத நேரம். தூக்கத்திலேயே அமைதியாகப் போனதாகப் பெரியக்கா போனில் சொன்னார். காரியங்கள் முடிந்தன. அவன் அந்தப் பக்கமே போகவில்லை. மதியம் ஆனால் மட்டும் வலது கையை என்ன செய்வது என்று தெரியாது; பேன்ட் பைக்குள் விட்டுக்கொள்வான்.

சில வாரங்கள் கழித்து, அம்மாவின் சாமான்கள் ஒரு பையில் இருக்கின்றன, வந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்று இல்லத்திலிருந்து சொல்லி அனுப்பினார்கள். போனான். வெயில் நன்றாக அடித்த நாள். பெரியக்கா அவனைப் பார்த்ததும் சந்தோஷப்பட்டார். இப்போது எல்லாரும் மதியத்தில் நிம்மதியாகத் தூங்குகிறார்கள், முனகல் இல்லை, ஒன்றுமில்லை என்றார். அந்தக் கடைசி அறையைப் பூட்டி, சாவியை ஆபீஸில் வைத்துவிட்டார்களாம். கேட்டதும் அவனுக்குப் பாரம் இறங்கியது. கூடவே, யாரோ தன்னை மறந்துவிட்டது போல் ஒரு சின்ன வலி.

பை அம்மா இருந்த அறையிலேயே அலமாரி மேல் இருந்தது. கட்டிலில் புதிதாக ஒரு பாட்டி. அன்று காலையில்தான் எங்கோ தொலைவிலிருந்து மகள் கொண்டுவந்து விட்டுப் போயிருந்தாள். நல்ல கலகலப்பான பாட்டி. இந்த இல்லத்தில் யாரையும் தெரியாது, நீங்கள்தான் முதல் விருந்தாளி என்றார். பையை எடுத்துக்கொண்டு, உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொன்னான். பாட்டி தன் மகள் வீட்டு மாடிப்படியைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார்.

பாதி வாக்கியத்தில் நிறுத்தினார்.

கண்கள் மூடின. நெஞ்சு உயர்ந்தது.

தாழவில்லை.

அவன் கையிலிருந்த பை நழுவிக் கீழே விழுந்தது. எதிர்ப்பக்கம், பூட்டிய கதவுக்குப் பின்னாலிருந்து, அந்த ஸ்வரம் வந்துகொண்டிருந்தது. நீண்டது. அவனுடைய வலது கை தானாகப் பேன்ட் பையிலிருந்து வெளியே வந்தது. சாவிக்கு ஓட வேண்டும் என்று நினைத்தான். வாசல் பக்கம் திரும்பினான்.

அப்போது ஸ்வரம் இறங்கத் தொடங்கியது. மெல்ல மெல்ல, படிப்படியாக. யாரோ துணைக்கு உட்கார்ந்து, கைப்பிடித்து இறக்குவது போல. உள்ளே இரண்டு குரல்கள் இருந்தன. ஒன்றை அவனுக்குத் தெரியும். தாழ்ந்த, கீறல் விழுந்த மற்றொன்றை இன்னும் நன்றாகத் தெரியும்.

இரண்டும் ஒன்றாக அடங்கின.

பாட்டியின் நெஞ்சு தாழ்ந்தது. தன் பங்கை முனகி முடித்தார். பிறகு நடைவழி முழுவதும் அமைதியாயிற்று. டீச்சரம்மாவின் அறையில் மூச்சுச் சத்தம் இல்லை. தபால்காரரின் அறையிலும் இல்லை. எந்த அறையிலுமே இல்லை.

பாட்டி கண்ணைத் திறக்காமல், அவன் நின்ற பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"உங்க முறை தம்பி" என்றார் மெதுவாக. "எல்லாரும் மூச்சைப் பிடிச்சுட்டு இருக்காங்க."